குழாயின் வாயில்: புனே நகரும் குருதித்தொற்றின் எழுதப்படாத வரலாறும்

(சற்று நீண்ட பதிவு. மருத்துவ வரலாறு பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

புனே நகரின் வரலாற்றில் மார்ச் 10 என்னும் நாள் இருமுறை குறிப்பிடத்தக்கதாகிறது. 1897 மார்ச் 10 அன்று சாவித்திரிபாய் புலே பிளேக் நோய்க்கு இரையானார். 1954 மார்ச் 10 அன்று இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் பதிவாயிற்று; நகரின் வடமேற்கே பிம்ப்ரியில் அதன் ஆலை எழுந்தது. இடையில் 57 ஆண்டுகள். தேதிகள் ஒன்றுபட்டது தற்செயலே. தற்செயலுக்குப் பொருள் கற்பிப்பது வரலாற்று மாணவர்க்கு அழகன்று. ஆயினும் இவ்விரு நிகழ்வுகளும் ஒரே கேள்விக்கு இந்நகரம் அளித்த இருவேறு விடைகள் என்று எனக்குத் தோன்றுகிறது. தொற்று குருதிவரை சென்றுவிட்ட ஒருவரைக் காப்பது எது? தொட்டுப் பேணும் கையா, தொழிற்சாலையில் விளையும் மருந்தா?

இரண்டும்தான் என்று எவரும் எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் நம் வரலாற்றெழுத்து மருந்துக்கு அளித்த இடத்தில் ஒரு சிறு பங்கைக்கூடக் கைக்கு அளிக்கவில்லை. அந்தக் குறை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. மருத்துவமனைக் கட்டில்வரை நீள்கிறது. குறுங்குடல் நோயாளிகளுக்கு நேரும் செப்சிஸ் அதற்குத் தெளிவான சான்று.

1

இவ்வாய்வில் நான் இறங்கக் காரணமானவர் என் வீட்டு உரிமையாளர். அறுபதைக் கடந்த மராத்தியப் பெரியவர். மராத்தியில் சிற்றப்பாவைக் ‘காக்கா’ என்பர். தமிழ்க் காதுக்கு அச்சொல் வேறுவிதமாக ஒலித்தாலும், அக்குடியிருப்பில் தங்கிப் படித்த நாங்கள் அனைவரும் அவரை அவ்வாறே அழைத்தோம். ஒருநாள் நள்ளிரவில் கடும் வயிற்றுவலியுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியில் உறைகட்டி அடைத்திருந்தது. அழுகிய சிறுகுடலை அகற்றியபின் எஞ்சியது முக்கால் மீட்டருக்கும் குறைவு.

வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. அது 2 மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டால் உண்ட உணவிலிருந்து சத்தையும் நீரையும் உப்பையும் போதுமான அளவு உடல் ஈர்த்துக்கொள்ள இயலாது. இதுவே குறுங்குடல் நோய். குழந்தைகளில் பிறவிக் குறைபாடும் குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் குடல் அழுகலும் பெருங்காரணங்கள். பெரியவர்களில் குருதிநாள அடைப்பு, குடல் முறுக்கு, காசநோய், திரும்பத் திரும்பச் செய்யப்படும் அறுவைகள் ஆகியன. எஞ்சிய குடல் மெல்லத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும்; அதற்கு மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை உயிர் நிற்பது, கழுத்தின் கீழோ மார்பிலோ உள்ள பெருஞ்சிரைக்குள் செலுத்தப்பட்ட ஒரு மெல்லிய குழாயின்வழி இறங்கும் ஊட்டநீரால்.

மூன்றாம் வாரத்தில் காக்காவுக்குக் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. இரத்த அழுத்தம் சரிந்தது. ‘பிளட் கல்ச்சர்’ சோதனையில் கேண்டிடா என்னும் பூஞ்சை வளர்ந்தது. அன்று மாலை மூத்த செவிலியர் ஒருவர் பணியில் இருந்தோரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கடந்த மூன்று நாள்களில் இந்தக் குழாயைத் திறந்தவர்கள் யார் யார்?” எவராலும் விடை சொல்ல இயலவில்லை. எந்த மருந்து எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது என்பது ஏட்டில் இருந்தது. எவர் கை குழாயைத் தொட்டது, தொடுமுன் அக்கை கழுவப்பட்டதா, குழாயின் மூட்டுவாய் துடைக்கப்பட்டதா என்பதற்குப் பதிவே இல்லை. அந்த மருத்துவமனையைக் குறைகூற இதை எழுதவில்லை. அதன் பெயரும் இங்குத் தேவையில்லை. பதிவில்லாத அந்த வெற்றிடம் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

2

குடலை இழந்தவர் பட்டினியால் இறப்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. 1880இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் எழேன் கோபெர்லே இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட சிறுகுடலை அகற்றியும் நோயாளி பிழைத்தது பெருஞ்செய்தியாயிற்று. அதற்கும் மேல் குடலை இழந்தோரைக் காக்க வழி எதுவும் இருக்கவில்லை.

வழி திறந்தது சிரையின் பக்கமிருந்து. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர் தம் முழங்கைச் சிரைவழியே ஒரு குழாயைத் தம் இதயம்வரை தாமே செலுத்திக்கொண்டு ஊடுகதிர்ப் படமும் எடுத்துக்கொண்டார். அன்று கண்டிக்கப்பட்ட அவருக்கு 1956இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1952இல் ஒபானியாக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காறை எலும்பின் கீழுள்ள சிரையை ஊசியால் எட்டும் முறையை வெளியிட்டார். 1960களின் தொடக்கத்தில் சுவீடனில் அர்விட் ரெட்லிண்ட் சிரையில் ஏற்றத்தக்க கொழுப்புக் குழம்பை உருவாக்கினார். இறுதியாக, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய தோழர்களும் நாய்க்குட்டிகளைச் சிரைவழி ஊட்டத்தால் மட்டுமே வளர்த்துக்காட்டினர். பின்னர், பிறவியிலேயே சிறுகுடல் பெரும்பகுதி அடைபட்டிருந்த ஒரு பெண்குழந்தைக்கு அம்முறையைக் கையாண்டனர். வாய்வழி உண்ண இயலாத குழந்தை எடை கூடி வளர்ந்ததை 1968இல் வில்மோரும் டட்ரிக்கும் வெளியிட்ட கட்டுரை உலகுக்கு அறிவித்தது.

பட்டினியின் இடத்தைத் தொற்று பிடித்துக்கொண்டது. இதன் காரணம் எளியது. தோல் என்பது உடலின் மதில். மையச் சிரைக் குழாய் அம்மதிலில் நாள்தோறும் திறந்து மூடும் ஒரு வாயிலை அமைக்கிறது. அவ்வாயிலின் மறுபுறம் இதயத்துக்கு மிக அருகிலுள்ள பெருஞ்சிரை. உள்ளே செல்லும் நீரோ சர்க்கரையும் அமினோ அமிலமும் கொழுப்பும் நிறைந்தது. மனிதனுக்கு ஊட்டமாவது நுண்ணுயிர்க்கும் ஊட்டமே. குழாயின் உட்சுவரில் நுண்ணுயிர்கள் படலமாகப் படிந்துவிட்டால் மருந்து அப்படலத்தை ஊடுருவுவது அரிது. போதாக்குறைக்கு, குறுங்குடலில் பாக்டீரியாக்கள் மிகைபடப் பெருகிக் குடற்சுவரைக் கடந்தும் குருதியை எட்டக்கூடும். குழாயும் குடலும் என இருபுறமும் வாயில் திறந்த கோட்டையாகிறது உடல்.

செப்சிஸ் என்பது இவ்வாறு நுழைந்த கிருமியின் செயல் மட்டுமன்று. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்பே நெறிதவறித் தன் உறுப்புகளைத் தாக்கிச் செயலிழக்கச் செய்யும் நிலை அது. சொல் பழைய கிரேக்கச் சொல். அழுகல் என்பது அதன் பொருள். இன்றைய வரையறை 2016இல் உருவானது. இந்நிலையில் மணித்துளிகளும் பொருட்டாகும். எனவேதான் மையச் சிரைக் குழாய் உள்ள குறுங்குடல் நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால், வேறு காரணம் உறுதிப்படும்வரை அதைக் குழாய்த்தொற்றாகவே கருதுக என்பது மருத்துவ மாணவர் கற்கும் முதற்பாடமாக உள்ளது.

டட்ரிக்கின் கட்டுரை வெளிவந்து மூன்றே ஆண்டுகளில், 1971இல், கரியும் குவீயும் சிரைவழி ஊட்டம் பெற்ற நோயாளிகளின் குருதியில் பூஞ்சைத்தொற்று காணப்படுவதை ஆராய்ந்து எழுதினர். பெரும்பாலும் கேண்டிடா. நம் வாயிலும் குடலிலும் தோலிலும் அமைதியாக வாழும் எளிய உயிர் அது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை மிகுதியாகக் கொடுக்கும்போது அதன் போட்டியாளர் அழிகின்றனர், அது பெருகுகிறது, சர்க்கரைநீர் இறங்கும் குழாய் அதற்கு விருந்தாகிறது. ஆக, ஒரு தொற்றை விரட்டிய மருந்தே மற்றொன்றுக்கு இடம் ஒழித்துத் தருகிறது.

3

இவ்விடத்தில் நாம் பிம்ப்ரிக்குத் திரும்பவேண்டும். அங்கே பாக்டீரியாவுக்கு எதிரான மருந்தும் பூஞ்சைக்கு எதிரான மருந்தும் ஒரே வளாகத்தில் பிறந்தன.

விடுதலை பெற்ற இந்தியாவில் பெனிசிலின் இறக்குமதிப் பொருள். அதை நாட்டிலேயே விளைவிக்க இந்திய அரசு உலக சுகாதார நிறுவனத்துடனும் யுனிசெஃப் அமைப்புடனும் உடன்பாடு கண்டது. ஒன்று தொழில்நுட்ப அறிவையும் மற்றொன்று எந்திரங்களையும் தந்தன. 1955இல் பிம்ப்ரி ஆலையில் பெனிசிலின் உற்பத்தி தொடங்கிற்று. பொதுத்துறை மருந்துத் தொழிலின் தொடக்கம் அது.

அதன் ஆய்வுக்கூடத்திற்குத் தலைமை தாங்கியவர் மைசூரிலிருந்து வந்த பூஞ்சையியல் அறிஞர் எம். ஜே. திருமலாச்சார். பயிர்நோய்ப் பூஞ்சைகளை ஆராய்ந்து பெயர்பெற்றவர் அவர். அக்காலத்தில் புதுமருந்து தேடுவது என்பது மண் தேடுவதே. நியூயார்க்கில் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரௌனும் மண் மாதிரிகளை ஒருவருக்கொருவர் அஞ்சலில் அனுப்பி ஆராய்ந்து 1950இல் நிஸ்டாட்டினைக் கண்டறிந்திருந்தனர். வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப்புற மண்ணிலிருந்து ஆம்போடெரிசின் கிடைத்திருந்தது. திருமலாச்சாரும் தோழர்களும் பிம்ப்ரி மண்ணில் தேடினர். அம்மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியா ஒன்று பூஞ்சைகளைக் கொல்லும் பொருளைச் சுரந்தது. அதற்கு ஊர்ப்பெயரால் ‘பிம்ப்ரினா’ என்று பெயரிட்டனர். அது சுரந்த மருந்துக்கு ஹாமைசின் என்று பெயர். 1961இல் நிறுவனத்தின் சொந்த ஆய்விதழில் அக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. பயிர்நோய்க்குப் பயன்படும் ஆரியோஃபங்கின் என்னும் மருந்தும் சில ஆண்டுகளில் அதே கூடத்திலிருந்து வந்தது.

இந்த வரலாற்றில் ஓர் அழகிய எதிரிணை உண்டு. பெனிசிலின், பூஞ்சை பாக்டீரியாவுக்கு எதிராகச் சுரப்பது. ஹாமைசின், பாக்டீரியா பூஞ்சைக்கு எதிராகச் சுரப்பது. மண்ணுக்குள் நிகழும் நெடும்போரின் இருதரப்புப் படைக்கலங்களையும் ஒரே ஆலை மனிதனுக்காகக் கடன்வாங்கிற்று.

ஆயினும் கேண்டிடா குருதியில் கலந்தவருக்கு ஹாமைசின் கைகொடுக்கவில்லை. நிஸ்டாட்டினையும் ஆம்போடெரிசினையும் போலவே இதுவும் பாலியீன் குடும்பத்தைச் சேர்ந்தது. பூஞ்சையின் உயிரணுச் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் பொருளைப் பற்றிச் சவ்வைத் துளைப்பது இக்குடும்பத்தின் இயல்பு. நீரில் கரையாமையும் மனித உயிரணுக்கள்மீதும் நச்சாதலும் இக்குடும்பத்தின் குறைகள். உள்ளுறுப்புப் பூஞ்சைநோய்களுக்கு ஹாமைசினை வாய்வழி கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் வெளிநாட்டில் நடந்தன, நிலைக்கவில்லை. வாய்ப்புண்ணுக்கும் தோல், பிறப்புறுப்புப் பூஞ்சைகளுக்கும் மேற்பூச்சாகவே அது நிலைத்தது. குருதித்தொற்றுக்கு மருத்துவர்கள் நம்பியிருந்தது, சிறுநீரகத்தைத் தாக்கும் என்று தெரிந்தே கொடுத்த ஆம்போடெரிசினை.

அந்நச்சைக் குறைக்கும் முயற்சியில் தமிழகத் தொடர்புள்ள ஒருவரைக் குறிப்பிடவேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தை நிறுவிய பிமல் குமார் பச்சாவத், பின்னாளில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, மருந்தைக் கொழுப்பு நுண்குமிழிகளுக்குள் பொதிந்து செலுத்தும் ஆய்வில் ஈடுபட்டார். 1990களில் அவருடைய குழுவும் மும்பையின் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியும் இணைந்து உருவாக்கிய பொதிமுறை ஆம்போடெரிசின் இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்தது. ஹாமைசினையும் அவ்வாறே பொதிந்து ஆய்வக எலிகளில் சோதித்தனர். பிம்ப்ரி மண்ணில் தொடங்கிய பயணம் முப்பது ஆண்டுகள் கழித்தும் நோயாளியின் சிரையை எட்டவில்லை. ஆனால் அது காட்டிய திசையில் வேறொரு மருந்து எட்டிற்று.

இதுவரை நான் எழுதியதை உற்றுநோக்குக. எத்தனை பெயர்கள், எத்தனை ஆண்டுகள், எத்தனை நிறுவனங்கள்! இவற்றைத் திரட்ட எனக்குப் பெருமுயற்சி தேவைப்படவில்லை. மருந்துக்கு ஆய்விதழ் உண்டு, காப்புரிமை உண்டு, ஆண்டறிக்கை உண்டு, திறப்புவிழாப் புகைப்படம் உண்டு. மருந்து தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொண்டு செல்கிறது.

4

இனி மறுபக்கம்.

1974இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரயானும் தோழர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிரைவழி ஊட்டம் பெற்ற 200 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு அது. குழாயைப் பேணும் நெறிமுறை எங்கெல்லாம் பிசகின்றிக் கடைப்பிடிக்கப்பட்டதோ அங்கெல்லாம் குழாய்வழிக் குருதித்தொற்று ஏறத்தாழ 3 விழுக்காடு. நெறிமுறை மீறப்பட்ட இடங்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு. மருந்து இரண்டு பக்கத்திலும் ஒன்றே, குழாயும் ஒன்றே, ஊட்டநீரும் ஒன்றே. வேறுபட்டது கை.

நெறிமுறை என்றதும் அரிய நுட்பம் எதையும் எண்ணவேண்டா. கை கழுவுதல். ஊட்டத்துக்கென ஒதுக்கிய குழாயில் குருதி எடுக்காமை, வேறு மருந்து செலுத்தாமை. கட்டுத்துணியை உரிய நாளில் மாற்றுதல். மூட்டுவாயைத் திறக்குமுன் கிருமிநாசினியால் தேய்த்துத் துடைத்தல். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிட வேலை. நாளில் பத்துமுறை, நள்ளிரவிலும், பண்டிகை நாளிலும், பணிமுடியும் வேளையிலும் தவறாமல் செய்யவேண்டும் என்பதே அதன் கடினம்.

பேணுதல் கட்டிலருகே மட்டும் நிகழ்வதன்று என்பதையும் அதே காலம் காட்டிற்று. 1970–71இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஒரே வகைக் குருதித்தொற்று பரவியது. ஊட்டநீர்ப் புட்டிகளின் மூடியில் செய்த ஒரு சிறு மாற்றம் கிருமிக்கு இடம்தந்தது பின்னர் தெரியவந்தது. 1972இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றப்பட்ட ஐந்து நோயாளிகள் இறந்தனர். கிருமிநீக்கக் கலத்தில் காற்று தங்கியதால் கீழ்த்தட்டுப் புட்டிகள் போதிய வெப்பம் பெறவில்லை; அப்பிழையைக் காணவேண்டிய கண்கள் காணவில்லை. அரசு விசாரணை நடத்திற்று. இங்கும் பழுது மருந்தில் இல்லை. அதைக் கையாண்ட தொடரில் இருந்தது.

2006இல் பீட்டர் புரோனோவோஸ்டும் தோழர்களும் மிச்சிகன் மாநிலத்தின் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மேற்கொண்ட முயற்சியை வெளியிட்டனர். கை கழுவுக, குழாய் செலுத்தும்போது முழு உறையணிக, குளோரெக்சிடின் கொண்டு தோலைத் துடைக்க, தொடைச் சிரையைத் தவிர்க்க, தேவை முடிந்த குழாயை அகற்றுக. இவ்வைந்தும் எவரும் அறிந்தவை. ஒரு பட்டியலில் எழுதி, மருத்துவர் ஒருபடி தவறினால் நிறுத்தச்சொல்லும் உரிமையைச் செவிலியர்க்கு அளித்தனர். மூன்று மாதங்களுக்குள் ஆயிரம் குழாய்நாள்களுக்கு 2.7 ஆக இருந்த நடுமதிப்புத் தொற்றுவீதம் சுழியாயிற்று. பட்டியலைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நிறுத்தச்சொல்லும் உரிமையே அதன் உயிர் என்பது என் வாசிப்பு. நம் மருத்துவமனைகளின் படிநிலையை அறிந்தோர்க்கு, அறுவை மருத்துவரைப் பார்த்து “ஐயா, கை கழுவவில்லை” என்று ஓர் இளம் செவிலியர் சொல்வது எத்துணை அரிது என்பது தெரியும்.

5

இப்போது 1897க்குச் செல்வோம்.

பம்பாயில் 1896இல் தோன்றிய பிளேக் விரைவில் புனேயை எட்டிற்று. பிளேக் கிருமி நெறிக்கட்டியைக் கடந்து குருதியில் பரவும்போது நேர்வது இன்றைய சொல்லில் செப்சிஸே. அன்று அதற்கு மருந்தில்லை. அரசு சட்டம் இயற்றிற்று; படைவீரர்களை வீடுவீடாக அனுப்பிற்று; உடைமைகளை எரித்தது; ஐயத்துக்கு உரியோரை இழுத்துச் சென்றது. நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய ராண்ட், 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். இவையெல்லாம் விரிவாக எழுதப்பட்டுவிட்டன. ஆணைகளும் வழக்கேடுகளும் இதழ்களும் சான்றாக உள்ளன.

அதே மாதங்களில் சாவித்திரிபாயும் அவருடைய வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தும் நகரின் புறத்தே நோயாளிகளுக்கென ஒரு மருத்துவ முகாமை நடத்தினர். முண்ட்வா அருகே தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டோர் குடியிருப்பில் நோயுற்ற ஒரு சிறுவனைச் சாவித்திரிபாய் தாமே முதுகில் சுமந்துவந்ததாகவும், அதன்வழித் தொற்றுக்கு ஆளானதாகவும் அறிகிறோம். பிறர் தொட மறுத்த உடலை அவர் தொட்டார். அவரைக் கல்வியாளராகவும் கவிஞராகவும் போற்றும் நாம், செவிலியாக அவர் இறந்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அந்த முகாமில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர், யார் நீர் கொடுத்தார், யார் துணி வெளுத்தார் என்பவை மாணவர்களின் தேடலுக்கு உரிய கேள்விகள்.

மருந்தில்லாக் காலத்துப் பேணுதலையும் இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவையும் ஒன்றெனச் சொல்லவரவில்லை. அன்பு கிருமியைக் கொல்லாது. கழுவாத கை அன்புடையதாயினும் கொல்லும். நான் சுட்டுவது இவ்விரண்டுக்கும் பொதுவான ஒரு மறைவை. உடலைத் தொடும் வேலை நம் சமூகத்தில் நெடுங்காலம் இழிந்ததாகக் கருதப்பட்டது. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கும் ஒதுக்கப்பட்டது. இழிந்ததாகக் கருதப்பட்ட வேலைக்கு ஏடு எதற்கு? காக்காவின் கட்டிலருகே மூத்த செவிலியர் தேடிய பதிவு இல்லாமற்போனதற்கு அன்றைய பணிச்சுமை மட்டும் காரணமன்று. எதைப் பதிவுக்குரியது என்று கருதினோம், எதைக் கருதவில்லை என்னும் நெடுவரலாறும் காரணம்.

6

இன்று இவ்வினா முன்னினும் கூர்மையாகியுள்ளது. 2017ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேர் செப்சிஸுக்கு ஆளாகி, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தனர் என்பது 2020இல் வெளியான மதிப்பீடு. மருந்துகளோ வலுவிழந்து வருகின்றன. கடைசிப் படைக்கலமாகக் கருதப்பட்ட கார்பபெனெம் மருந்துகளை வீழ்த்தும் என்.டி.எம்.-1 நொதியின் பரவலை 2010இல் விரிவாக எடுத்துக்காட்டிய கட்டுரையின் முதலாசிரியர், சென்னையில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டதும் அவ்வச்சத்தின் தொடர்ச்சியே. 2013இல் அனுராதா சௌத்ரியும் தோழர்களும் தில்லி மருத்துவமனைகளில் 12 நோயாளிகளைத் தாக்கிய கேண்டிடா ஆரிஸ் பூஞ்சையை விவரித்தனர். அது ஃபுளூகோனசோலுக்கு அடங்காதது. கட்டில் சட்டங்களிலும் கருவிகளிலும் நீடித்து வாழ்வது. கைவழியே கட்டில்விட்டுக் கட்டில் செல்வது.

குறுங்குடல் நோயாளிக்கு இது இருமடங்கு இடர். பிறர்க்குக் குழாய் சில நாள். அவருக்கோ மாதங்கள், ஆண்டுகள். தொற்றின்போது பல நேரங்களில் குழாயை அகற்றி வேறு சிரையில் செலுத்தவேண்டியிருக்கும். பெருஞ்சிரைகளோ எண்ணி ஆறேழு. சிரைகள் ஒவ்வொன்றாக அடைபட்டுப்போனால் ஊட்டும் வழியே அற்றுப்போகும். மேலைநாடுகளில் இத்தகையோர்க்கு வீட்டிலேயே ஊட்டம் செலுத்தக் கற்றுத்தரும் செவிலியர் குழுக்கள் உள்ளன. நோயாளியே தம் குழாயைப் பேணத் தேர்ச்சி பெறுகிறார். நம் நாட்டில் அவ்வசதி மிகச் சிலர்க்கே எட்டுகிறது. பெரும்பாலோர் மருத்துவமனைக் கட்டிலிலேயே, அதாவது கிருமி மிக வலுத்திருக்கும் இடத்திலேயே, காத்திருக்கவேண்டியுள்ளது.

பிம்ப்ரி ஆலையோ நலிந்தது. கடன்களைத் தீர்க்க அதன் உபரி நிலத்தை விற்க 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இசைவளித்தது. ஹாமைசின் பிறந்த மண் இன்று சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. அது குறித்து வருந்தி எழுதியோர் பலர். அவ்வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் ஆலையின் நலிவுக்கு இரங்கும் நாம், ஒரு செவிலியர் இரவில் எத்தனை குழாய்களைப் பேணுகிறார் என்று கேட்பதில்லை.

காக்கா அந்தக் காய்ச்சலிலிருந்து மீண்டார். கழுத்தின் மறுபுறம் புதுக்குழாய் செலுத்தினர். அவருடைய மருமகள் அக்கேள்வியைக் கேட்ட மூத்த செவிலியரிடமே குழாய் பேணும் முறையைக் கற்றுக்கொண்டார். ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் கோடிட்டு, தொட்டவர் பெயரையும் நேரத்தையும் கை கழுவியதையும் மூன்று மாதங்கள் தவறாமல் எழுதிவந்தார். அம்மூன்று மாதங்களும் தொற்று வரவில்லை. ஒரு நோயாளியைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது என்பதை அறிவேன். ஐந்தாம் மாதத்தில் கல்லீரல் பழுதாகி, அதன்பின் வந்த தொற்றில் காக்கா இறந்தார்.

அக்குறிப்பேட்டை அவருடைய மருமகள் அனுமதியுடன் நான் படியெடுத்து வைத்துள்ளேன். மராத்தியில், இருவேறு நிற மையில், சில பக்கங்களில் மஞ்சட்கறையுடன் உள்ளது. என் ஆய்வில் நான் பார்த்த ஆவணங்களுள் குழாயைத் தொட்ட கைகளின் பெயர் எழுதப்பட்டது அது ஒன்றே.

மருத்துவ வரலாறு பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மருத்துவமனைகளில் பழைய செவிலியர் பணியேடுகள், கட்டுமாற்றப் பதிவுகள், பயிற்சிப் பள்ளிக் குறிப்புகள் பழைய தாள்கடைக்குச் செல்லுமுன் கேட்டுப் பாருங்கள். ஓய்வுபெற்ற செவிலியரிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள். வேலூரிலும் மதுரையிலும் சென்னையிலும் அவ்வாறு கிடைத்தவை உங்களிடம் இருப்பின் எனக்கு எழுதுங்கள், இணைந்து தொகுக்கலாம்.